கீதாரி வீட்டுப் பெண்களுக்கு அரசு மாணவியர் விடுதி: ஒரு மதிப்பீடு

காளையார்கோவில், தேவகோட்டைப் பக்கத்துக் கீதாரிகள் (ஊர் ஊராக ஆடு மேய்ப்பவர்கள்) தஞ்சாவூர்ச் சீமைக்கு ஆடு பத்திக்கொண்டு கிளம்புவது சம்பா அறுப்பு முடிந்த தை, மாசியில். ஆண்டுத் தேர்வு பங்குனி, சித்திரையில். பெண் பிள்ளையின் படிப்பு அறுபடுவது இங்கேதான். தாயாடுகள் மேயப் போனபின் கூண்டில் கிடக்கும் குட்டிகளுக்குக் காவல் வேண்டும்; ஏழாவது படிக்கும் மகளை அதற்கு உட்கார வைத்துவிடுகிறார்கள்.

இந்தக் குடும்பங்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் மாணவியர் விடுதி. நான்காம் வகுப்பிலிருந்து 12 வரை சேர்க்கிறார்கள். சாப்பாடும் தங்கலும் இலவசம். 10ஆம் வகுப்பு வரை நான்கு இணை சீருடையும் உண்டு. வீட்டிலிருந்து பள்ளி 8 கிலோமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்ற விதி பெண்களுக்குப் பொருந்தாது. இது தெரியாமல், "பள்ளிக்கூடம் பக்கத்துலதானே, இடம் தரமாட்டாக" என்று மனுவே போடாமல் விடுகிறவர்கள் பலர்.

சேர்க்கை ஜூனில், அப்போது கிடை (வயலில் ஆடுகளை அடைத்துவைக்கும் இடம்) டெல்டாவில். படிவத்தோடு சான்றிதழ் வேண்டாம், சேரும்போது சாதி, வருமானச் சான்று கேட்பார்கள். விஏஓ விசாரிக்க வரும்போது வீடு பூட்டிக்கிடந்தால் வருமானச் சான்று நின்றுபோகும். அதனால் ஊரை விட்டுக் கிளம்புமுன் இ-சேவை மையத்தில் மனுப் போட்டு வாங்கிவிடுங்கள்.

பெரிய குறை கோடை விடுமுறை. விடுதியும் பூட்டு, வீடும் பூட்டு. மே மாதம் கிடைக்குப் போகும் பிள்ளை ஜூனில் திரும்புவது அரிது. அந்த ஒரு மாதம் அப்பத்தா வீட்டில் விட முடியாவிட்டால் இந்த விடுதி முழுப் பலன் தராது. விடுமுறையிலும் அரசு திறந்து வைக்கவேண்டிய விடுதிகள் இவை.

கூட்டிப் போயே ஆகவேண்டுமென்றால் கிடை போட்ட ஊர்ப் பள்ளியில் சேருங்கள். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதற்காக எட்டாம் வகுப்பு வரை சேர்க்க மறுக்க முடியாது. 2009 கல்வி உரிமைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அங்கும் அரசுப் பள்ளியாகவே பாருங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால், கல்லூரியில் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்.

விடுதிக் காப்பாளரிடம் அப்பாவின் எண் மட்டும் போதாது. வயக்காட்டில் சார்ஜ் போட வழியில்லாமல் போன் அணைந்தே கிடக்கும். எந்தச் சம்சாரியின் (விவசாயியின்) வயலில் கிடையோ அவர் எண்ணையும் கொடுங்கள். வயல் மாறும்போது எண்ணையும் மாற்றிச் சொல்லுங்கள்.