14,850 ரூபாய் கொடுத்துச் செத்த புழு வாங்கினேன்: கூன்வண்டுக்கு மருந்து தேடுகிறவர்கள் கண்டிப்பாகப் படியுங்கள்

கூன்வண்டின் புழுவைக் கொல்லும் என்று சொன்ன நூற்புழுவை ஒரு ஆன்லைன் செயலியில் வாங்கி ஏமாந்தேன். நேற்று சாயங்காலம்தான் அந்தச் செயலியிலிருந்து கடைசிச் செய்தி வந்தது. "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது." அவ்வளவுதான். யார் விசாரித்தார்கள், எதைப் பார்த்து முடித்தார்கள் என்று ஒரு வரி கூட இல்லை. இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. என் 14,850 ரூபாய் இனி வராது என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் இதே நேரத்தில் இன்னொரு நர்சரிக்காரர் நான் பார்த்த அதே விளம்பர வீடியோவைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவருக்காக எழுதுகிறேன். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் வீடு செங்கோட்டைக்கும் புளியரைக்கும் நடுவில். பின்பக்கம் ஐந்து சென்டில் ஷேட் நெட் என்கிற நிழல்வலை போட்டு, குரோ பேக் என்கிற மண் பையில் செடி வளர்த்து விற்கிறேன். ஓணத்துக்கு முன்னால் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஆரியங்காவு, தென்மலை, புனலூரிலிருந்து வண்டி வரும். அங்கே மொட்டை மாடியில் பை வைத்துக் காய்கறி வளர்க்கிறவர்கள் நிறையப் பேர். நாற்றாகக் கேட்க மாட்டார்கள், பூ எடுக்கிற பருவத்தில் இருக்கும் செடியாகவே கேட்பார்கள். இந்த வருஷம் 800 பை கத்தரி, 150 ரோஜா, கொஞ்சம் செம்பருத்தி. புனலூர்க்காரர் ஒருவர் கத்தரிக்கு முன்பணமும் கொடுத்திருந்தார்.

சித்திரைக் கடைசியிலேயே இலை ஓரம் அரைவட்டம் அரைவட்டமாகக் கடிபட்டிருந்தது. வெட்டுக்கிளி என்று நினைத்து விட்டுவிட்டேன், அது என் தப்பு. ஆனியில் சாரல் விழுந்து மண் ஈரமாக இருக்கும்போதே செடி தலை தொங்க ஆரம்பித்தது. தண்ணீர் இருக்கிறது, செடி வாடுகிறது. ஒன்றைப் பிடித்து இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. வேரே இல்லை. பையைக் கவிழ்த்துக் கிளறினால் அரிசி அளவில் வெள்ளைப் புழு, பழுப்புத் தலை, வில் மாதிரி வளைந்து கிடக்கிறது. ஒரே பையில் பதினொன்று எண்ணினேன். செடியை உலுக்கினால் சாம்பல் நிறத்தில் சின்ன வண்டு பொத்தென்று விழுந்து செத்தது போல அசையாமல் கிடக்கும். சாம்பல் கூன்வண்டு. வளர்ந்த வண்டு இலையைத் தின்னும், மண்ணில் முட்டை வைக்கும், அதன் புழு இரண்டு மாதம் போல மண்ணுக்குள்ளேயே இருந்து வேரைத் தின்னும். மேலே எதை அடித்தாலும் கீழே இருக்கிற புழுவுக்குப் போகாது.

பக்கத்துத் தோட்டத்து மாமா, "குருணையைப் போட்டு விடும்மா, ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்றார். எனக்கு மனசு வரவில்லை. குருணை என்றால் மண்ணில் போடும் பூச்சிமருந்து. அதில் ஃபோரேட்டுக்கு 2020 கடைசியோடு நாடு முழுக்கத் தடை. கார்போஃபியூரான் என்ற இன்னொரு குருணையை, ஃபோரேட்டையும் சேர்த்து, கேரளத்தில் 2011லேயே தடை செய்துவிட்டார்கள். புனலூர்க்காரரும் முன்பணம் கொடுக்கும்போதே, "சேச்சி, விஷம் இட்டதாணெங்கில் எனிக்கு வேண்ட" என்று சொல்லியிருந்தார். காய் பறித்து அப்படியே குழந்தைக்குச் சமைக்கப் போகிற செடி. அதில் நான் விஷம் வைக்க மாட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் இரவு பதினோரு மணிக்கு அந்த வீடியோ வந்தது. விவசாயப் பொருள் விற்கிற ஒரு ஆன்லைன் செயலி. அதில் கடை வைத்திருக்கும் ஒருவர், "கூன்வண்டுப் புழுவைத் தேடிப் போய்க் கொல்லும் நூற்புழு" என்று போட்டிருந்தார். நூற்புழு என்றாலே கத்தரி வைக்கிறவர்களுக்கு வயிறு கலங்கும், வேரில் முடிச்சு முடிச்சாக வருமே அது. ஆனால் இது வேறு இனம். செடியைத் தொடாது. பூச்சியின் புழுவுக்குள் புகுந்து, தன் வயிற்றில் இருக்கிற பாக்டீரியாவை உள்ளே விட்டு, இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடும். இது பொய்யில்லை, உண்மையான முறை. அதனால்தான் நம்பினேன்.

மறுநாள் காலை போன் செய்தேன். இந்த இடத்தை நான் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாந்தது இங்கேதான். எடுத்தவர் விலையைப் பற்றியே பேசவில்லை. முதல் கேள்வி, "அக்கா, செடியைப் பிடுங்கிப் பார்த்தீங்களா? புழுவுக்குக் கால் இருக்கா, இல்லையா?" நான் அசந்துபோனேன். கால் இருந்தால் அது எருவில் வருகிற வெள்ளைப்புழு, கால் இல்லாவிட்டால் கூன்வண்டு. தொழில் தெரிந்தவர் மட்டுமே கேட்கிற கேள்வி. "இல்ல தம்பி, கால் இல்ல" என்றேன். "அப்ப சரிதான்க்கா, போட்டோ அனுப்புங்க" என்றார். அனுப்பினேன். அவர் அம்மாவும் பூச்செடி நர்சரி வைத்திருந்ததாகவும், இதே புழுவால் ஒரு வருஷம் எல்லாம் போனதாகவும் சொன்னார். நான் அன்று ஒரு மாதிரி உடைந்துபோய் இருந்தேன், அந்தப் பேச்சு எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

எத்தனை பை என்று கேட்டார். சொன்னேன். கணக்குப் போட்டு முதலில் 40 பாக்கெட் என்றார். கொஞ்ச நேரத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டு, "அக்கா, வேண்டாம், 30 போதும், காசை வீணாக்காதீங்க. பைக்கு அடியில ஒட்டுற பசை நாடா நாலு சுருள் சும்மாவே வைக்கிறேன், வண்டு ஏறாது" என்றார். விற்கிறவன் தானாகவே குறைத்துக்கொண்டால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? ஒரு பாக்கெட் 480 ரூபாய். 30 பாக்கெட் 14,400. கூரியர் 450. மொத்தம் 14,850. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்த பணம் அது.

நான்கு நாளில் வரும் என்றார்கள். ஒன்பது நாள் ஆனது. அதில் மூன்று நாள் மதுரையில் ஏதோ கிடங்கில் கிடந்ததாகச் செயலியே காட்டியது. எங்கள் ஊரில் சாரல் காற்று குளுகுளுவென்று இருந்தது, மதுரையில் தகர ஷெட்டுக்குள் எப்படி இருக்கும்? பார்சலைக் கையில் வாங்கும்போதே சூடு. உள்ளே ஐஸ் பையும் இல்லை, தெர்மாகோலும் இல்லை, வெறும் அட்டைப்பெட்டி. பாக்கெட்டின் மேலேயே ஆங்கிலத்தில் 5 டிகிரி குளிரில் வைக்கவும் என்று அச்சடித்திருக்கிறது! உடனே போன் செய்தேன். "அது வெளிநாட்டு லேபிள்க்கா, நம்ம ஊர் சூட்டுக்கு ஒண்ணும் ஆகாது, இன்னைக்கு சாயங்காலமே ஊத்திருங்க" என்றார். பிரித்தால் கருவாடு ஊறின தண்ணீர் மாதிரி நாற்றம். அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. வெயில் இறங்கினதும் மண்ணை நனைத்து, கரைத்து, பை பையாக இரண்டு நாள் ஊற்றினேன். முதுகு ஒடிந்துபோனது. ரோஜாவுக்கு வேண்டும் என்று இரண்டு பாக்கெட் மட்டும் மிச்சம் வைத்தேன்.

பத்து நாள் கழித்துப் பையைக் கவிழ்த்தேன். புழு கொழுகொழுவென்று உயிரோடு இருக்கிறது.

ஆடி அமாவாசைக்கு என் கொழுந்தன் வந்திருந்தான். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் படித்தவன். மிச்சமிருந்த பாக்கெட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் விட்டுக் கரைத்து, அரை மணி நேரம் வைத்து, கறுப்புத் துணிக்கு மேலே பிடித்து லென்ஸால் பார்த்தான். இந்த நூற்புழு ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. உயிர் இருந்தால் நெளியும். செத்திருந்தால் ஊசி மாதிரி நீட்டிக்கொண்டு கிடக்கும். "மதினி, நீங்களே பாருங்க" என்று என்னிடம் கொடுத்தான். அங்கங்கே நாலைந்து ஊசி. மற்றதெல்லாம் வெறும் பவுடர்.

அப்புறம் லேபிளைப் படித்தான். அவன் சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு எரிந்தது. படத்தில் இருக்கிற கறுப்பு வண்டு நம்ம ஊர் வண்டே கிடையாது. வைன் வீவில் என்று ஐரோப்பாவில் தொட்டிச் செடியையும் கண்ணாடிக் கூடச் செடியையும் அழிக்கிற கூன்வண்டு. அதில் ஆணே கிடையாது. எல்லாம் பெண், சேராமலே நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். அதற்குப் பறக்கத் தெரியாது, நடந்தே ஏறும். அதனால் அங்கே தொட்டியைச் சுற்றிப் பசை நாடா ஒட்டினால் பயன் உண்டு. நம்ம சாம்பல் வண்டுக்கு இறக்கை இருக்கிறது, நாடாவைப் பற்றி அதற்கென்ன கவலை? மண் 5 டிகிரிக்கு மேல் இருக்கும்போது ஊற்றுங்கள் என்று வேறு போட்டிருக்கிறது. குளிர் நாட்டு மண்ணுக்கென்று எடுத்த நூற்புழு அது. புளியரை மண் எந்த மார்கழியில் 5 டிகிரிக்குப் போயிருக்கிறது?

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. நம்ம சூட்டைத் தாங்குகிற நூற்புழு நம்மிடமே இருக்கிறது. ஹெட்டரோராப்டிடிஸ் இண்டிகா. 1992இல் அதை முதன்முதலாக விவரித்ததே கோயம்புத்தூரில் எடுத்த புழுவை வைத்துத்தான். அந்தப் பக்கம் இடுக்கியில் ஏலக்காய்க்காரர்கள் வேர்ப்புழுவுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அது புகுந்து செத்த புழு செங்கல் நிறத்தில் சிவந்து கிடக்குமாம், வேலை செய்ததா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். நான் கவிழ்த்த பைகளில் செத்த புழு ஒன்று கூட இல்லை.

உடனே அந்தத் தம்பிக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா". மறுநாள், "நீங்க குளோரின் தண்ணில கரைச்சிருப்பீங்க". எங்கள் வீட்டில் கிணற்றுத் தண்ணீர் என்றேன். "அப்ப மண்ணு காஞ்சிருக்கும்." சாரல் காலத்தில்! அதற்கு அடுத்த நாள் எடுக்கவே இல்லை. வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டார். அக்கா அக்கா என்று கூப்பிட்ட வாய்.

செயலியின் கஸ்டமர் கேரில் ஒரு பெண் பேசினார். உயிருள்ள பொருளுக்குத் திரும்பப் பெறும் வசதி இல்லையாம். உயிரே இல்லை என்பதுதானே அம்மா என் புகார் என்றேன். "விற்பனையாளரைத் தொடர்பு கொள்ளுங்கள்." விற்பனையாளர் எடுக்கவில்லை என்றேன். "டெலிவரியின்போது ஓடிபி கொடுத்துவிட்டீர்கள், நல்ல நிலையில் வாங்கியதாகப் பதிவாகியிருக்கிறது." வாசலில் நின்ற பையனுக்கு நான் சொன்ன ஓடிபிக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னது? கூரியரில் கேட்டால் தாமதத்துக்கு அனுப்பியவர்தான் கேட்க வேண்டுமாம். இப்படி ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவர், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை. கடைசியில் 200 ரூபாய்க்குக் கூப்பன் தருகிறோம் என்றார்கள். 14,850 ரூபாய்க்கு 200 ரூபாய் கூப்பன், அதையும் அவர்களிடமே செலவழிக்க வேண்டும். வேண்டாம் என்றேன். அதற்குத்தான் நேற்று "முடித்து வைக்கப்பட்டது".

14,850 மட்டும் இல்லை. இந்த மூன்று வாரத்தில் புழு தின்றுகொண்டே இருந்தது. 340 கத்தரி போய்விட்டது. நான் எதுவுமே வாங்காமல் முதல் நாளே பையைக் கவிழ்த்துப் புழுவைப் பொறுக்கியிருந்தால் அதில் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது வேலை நெருக்குகிறது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். நூற்புழு வாங்கினால் எந்த இனம், என்றைக்குத் தயாரித்தது என்று பாக்கெட்டில் இருக்கிறதா பாருங்கள். ஊற்றுவதற்கு முன்னால் லென்ஸ் வைத்துப் பாருங்கள், நாற்றம் அடித்தால் தொடவே தொடாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். பிரித்துப் பார்க்காமல் ஓடிபி சொல்லாதீர்கள். நேரில் போய் வாங்க முடிகிற இடம் இருந்தால் பஸ் ஏறிப் போய் வாங்குங்கள். பழைய மண்ணைத் திரும்பப் பையில் போடாதீர்கள், வேப்பம் பிண்ணாக்கு கலந்து நிரப்புங்கள். இலை ஓரம் கடிபட்டதைப் பார்த்த அன்றைக்கே காலையில் செடிக்கு அடியில் துணி விரித்து உலுக்கி வண்டைப் பொறுக்குங்கள்.

புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915. இன்று காலை கூப்பிட்டுப் பதிவு செய்துவிட்டேன். 2020ஆம் வருஷ மின்வணிக விதிப்படி புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் செயலி சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீர்க்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், 5 லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது. அந்த இரண்டு பாக்கெட்டையும் பிரித்தது பிரித்தபடி, லேபிளோடு, எடுத்து வைத்திருக்கிறேன்.

புனலூர்க்காரர் வியாழக்கிழமை வண்டியோடு வருகிறார். நடந்ததை மறைக்காமல் சொல்லி, அவர் முன்பணத்தில் 340 செடிக்கானதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மீதிப் பைகளை இப்போதுதான் ஒவ்வொன்றாகக் கவிழ்க்க ஆரம்பித்திருக்கிறேன். இன்னும் 260 இருக்கிறது.