எர்சாட்ஸ்டிவி: பழைய கார்ட்டூன் நெட்வொர்க்கை வீட்டிலேயே ஓடவிட

டெக்ஸ்டர்ஸ் லேபரட்டரியின் 78 எபிசோடும் ஹார்டு டிஸ்க்கில் இருந்தாலும், வரிசையாகப் போட்டுப் பார்த்தால் மூன்றாவதிலேயே கை வேறெதையோ தேடும். அதே எபிசோடு டிவியில் பாதியிலிருந்து ஓடிக்கொண்டிருந்தால் எழுந்து போக மனம் வராது. நாம் தேர்ந்தெடுக்காமலே ஏதோ ஒன்று ஓடுவதும், நடுவில் விளம்பரம் வருவதும், 'அடுத்து வருவது' என்று ஒரு துண்டு ஆசை காட்டுவதும் சேர்ந்தால்தான் அது சேனல். இதை வீட்டில் இருக்கும் வீடியோக்களை வைத்தே உருவாக்கித் தரும் மென்பொருள்களில், எர்சாட்ஸ்டிவிக்கே முதலிடம் தரலாம். இலவசம், ஓப்பன் சோர்ஸ். ஆனால் ஒரே மாலையில் முடிகிற வேலை இல்லை.

1997 முதல் 2004 வரை அமெரிக்கக் கார்ட்டூன் நெட்வொர்க் இருந்த தோற்றத்தை இங்கே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறோம். கருப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்ட லோகோ, ரேமண்ட் ஸ்காட்டின் 'பவர்ஹவுஸ்' இசையில் வந்த துண்டுகள், 1997 மார்ச்சில் தொடங்கிய டூனாமி என்ற சாகசக் கார்ட்டூன் நேரப்பகுதி எல்லாம் இந்தக் காலத்தில் அடங்கும். முதலில் கையிருப்பைக் கணக்குப் போடுங்கள். டெக்ஸ்டர் 78, பவர்பஃப் கேர்ள்ஸ் 78, ஜானி பிராவோ 67, கவ் அண்ட் சிக்கன் 52, கரேஜ் தி கவர்ட்லி டாக் 52. மொத்தம் 327 அரைமணி நேரங்கள். ஒரு நாளுக்கு 48 அரைமணி என்றால் ஏழாவது நாளே எல்லாம் தீர்ந்துவிடும். பயப்பட வேண்டாம். காலையில் போட்டதை மாலையில் மறுபடி போட்டுத்தான் உண்மையான சேனலும் நாளை ஓட்டியது. டிவிடியிலிருந்து அப்படியே எடுத்தால் எபிசோடுக்கு ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் குறைவாக வரும். 1 டிபி டிஸ்க் தாராளம்.

எர்சாட்ஸ்டிவி ஒரு சர்வர். டாக்கரிலோ (மென்பொருளைத் தனிப்பெட்டி போல ஓட்டும் கருவி) விண்டோஸிலோ நிறுவி, பிரவுசரில் 8409 போர்ட்டைத் திறந்தால் நிர்வாகப் பக்கம் வரும். ஃபோல்டர்களை நேராகக் காட்டலாம். பிளெக்ஸ், ஜெல்லிஃபின், எம்பி ஆகிய வீட்டு மீடியா சர்வர்களிலிருந்தும் நூலகத்தை இழுத்துக்கொள்ளும். கடைசியில் ஒரு எம்3யூ முகவரியும் ஒரு எக்ஸ்எம்எல்டிவி முகவரியும் தரும். அவற்றை ஜெல்லிஃபின், கோடி, டிவிமேட் போன்ற எந்தப் பிளேயரில் கொடுத்தாலும் சேனல் பட்டியலும் நிகழ்ச்சி நிரலும் வந்துவிடும். பிளெக்ஸில் லைவ் டிவி பார்க்க பிளெக்ஸ் பாஸ் சந்தா வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். டாக்கரில் நிறுவுகிறவர்கள் நேர மண்டலத்தை ஏசியா/கொல்கத்தா என்று கொடுக்க மறந்துவிடுவார்கள். மறந்தால் நிரல் முழுக்க ஐந்தரை மணி நேரம் தள்ளி ஓடும்.

இனி சரக்குக்கு வருவோம். அமெரிக்க அரைமணி கார்ட்டூன் சுமார் 22 நிமிடம். மீதி 8 நிமிடத்தை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். எர்சாட்ஸ்டிவி இந்த நிரப்பலை ஃபில்லர் என்கிறது. நிகழ்ச்சிக்கு முன் ப்ரீ-ரோல், நடுவில் மிட்-ரோல், பின்னால் போஸ்ட்-ரோல், அடுத்த நிகழ்ச்சி இருக்கும் நேரத்தில் அடங்காதபோது மிச்சத்தை நிரப்ப டெயில், எதுவுமே பொருந்தாத கடைசி சில விநாடிகளுக்கு ஃபால்பேக் என ஐந்து வகை. இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்திருப்பதுதான் இந்த மென்பொருளின் உயிர்.

அரைமணிக் கணக்கு பிசகாமல் இருக்க, ஒரு ஃபில்லரை மட்டும் 'பேட்' முறையில் வைத்து 30 நிமிடத்துக்கு நிரப்பச் சொல்லுங்கள். விளம்பரங்களை அடுக்கிக்கொண்டே போய், இனி எதுவும் அடங்காது என்ற இடத்தில் நின்றுவிடும். அங்கே 7 விநாடியோ 12 விநாடியோ மிஞ்சும். ஃபால்பேக் வைக்காவிட்டால் அந்த இடத்தில் 'சேனல் ஆஃப்லைன்' அட்டை வந்து நின்று, கட்டிய மாயமெல்லாம் கலைந்துவிடும். லோகோ சுழலும் 30 அல்லது 60 விநாடித் துண்டு ஒன்றை ஃபால்பேக்காக வையுங்கள். தேவையான அளவு ஓடவிட்டு, நேரம் வந்ததும் வெட்டிவிடும். எங்கே வெட்டினாலும் உறுத்தாத துண்டாகப் பார்த்து எடுங்கள். பேச்சு உள்ளது வேண்டாம்.

எத்தனை விளம்பரம் வேண்டும்? 8 நிமிடம் என்றால் 30 விநாடித் துண்டுகள் 16. நாளுக்கு 48 அரைமணி என்றால் 768 இடங்கள். கையில் 150 துண்டுகள் இருந்தால் ஒவ்வொன்றும் நாளுக்கு ஐந்து முறை வரும். நிஜ டிவியிலும் ஒரே பொம்மை விளம்பரம் அப்படித்தான் திரும்பத் திரும்ப வந்தது, அதனால் 150 போதும். 40 துண்டுகளை வைத்து ஓட்டினால் இரண்டாம் நாளே எரிச்சல் வரும். எல்லா இடத்தையும் விளம்பரத்தாலேயே நிரப்பவும் வேண்டாம். 7 நிமிடக் குட்டிக் கார்ட்டூன்கள் சிலவற்றை டெயிலில் கலந்துவிடுங்கள்.

பழைய விளம்பரங்களும் சேனல் துண்டுகளும் பெரும்பாலும் விஎச்எஸ் கேசட்டுகளிலிருந்து பதிவு செய்தவைதான். இன்டர்நெட் ஆர்க்கைவில் தேடினால் மணிக்கணக்கில் கிடைக்கும். ஒவ்வொன்றாக வெட்டி எடுப்பதுதான் இந்த முயற்சியிலேயே அதிக நேரம் பிடிக்கிற வேலை. லாஸ்லெஸ்கட் போன்ற கருவியில் மறு என்கோடு செய்யாமல் வெட்டினால் வேகமாக முடியும். ஆனால் இடையிடையே முழுப் படமாகச் சேமித்திருக்கும் கீஃப்ரேமில்தான் வெட்டு விழும் என்பதால், முந்தைய விளம்பரத்தின் அரை விநாடி வால் ஒட்டிக்கொண்டு வரும். சரியான ஃப்ரேமில் வெட்டி மறு என்கோடு செய்வதே நல்லது. அப்போதே இரு முனையிலும் 10 ஃப்ரேம் கருப்பு சேர்த்துவிடுங்கள். ஒரு கோப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் சில பிளேயர்கள் லேசாகத் தட்டுத் தடுமாறும். அந்தக் கருப்பு அதை மறைத்துவிடும். ஒலியே இல்லாத துண்டுகளுக்கு ஒரு மௌன ஆடியோ டிராக்காவது போடுங்கள். இல்லாவிட்டால் சில பிளேயர்கள் அங்கேயே நின்றுவிடும்.

வெட்டிய துண்டுகளை 'அதர் வீடியோஸ்' வகை நூலகத்தில் போடுங்கள். இதில் ஒரு அருமையான வசதி இருக்கிறது: ஃபோல்டர் பெயர்களே டேக் ஆகிவிடும். 'விளம்பரம்', 'பம்பர்' (நிகழ்ச்சிகளுக்கு இடையில் வரும் சேனல் துண்டு), 'டூனாமி', 'கிறிஸ்துமஸ்' என்று ஃபோல்டர் பிரித்து, அந்த டேக்கைத் தேடும் ஸ்மார்ட் கலெக்ஷன் ஒன்றைச் செய்துவைத்தால் போதும். புதுத் துண்டைச் சரியான ஃபோல்டரில் போட்டாலே நூலகத்தை அடுத்து ஸ்கேன் செய்யும்போது சேர்ந்துகொள்ளும்.

எல்லோரும் சறுக்கும் இடம் மிட்-ரோல். கோப்பில் சேப்டர் குறி (பகுதி பிரிக்கும் அடையாளம்) இருக்கும் இடத்தில்தான் எர்சாட்ஸ்டிவி விளம்பரத்தை நுழைக்கும். சேப்டரே இல்லாத கோப்பில் நடு விளம்பரம் வராது. எந்த எச்சரிக்கையும் தராது. டிவிடியிலிருந்து மேக்எம்கேவி என்ற மென்பொருள் வழியாக எடுத்த கோப்புகளில் சேப்டர்கள் இருக்கும், ஆனால் அவை விளம்பர இடைவேளைக்காக வைத்தவை அல்ல. தலைப்புப் பாட்டு முடிந்ததும் ஒன்று, கடைசி எழுத்துகளுக்கு முன் ஒன்று, கோப்பின் கடைசி விநாடியில் பொருளற்ற ஒன்று என்று கிடக்கும். அப்படியே விட்டால் பாட்டு முடிந்த கையோடு இரண்டு நிமிட விளம்பரம் ஓடும்.

சரிசெய்யும் வழி இது: எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ கருவியில், கருப்புத் திரையைக் கண்டுபிடிக்கும் பிளாக்டிடெக்ட் ஃபில்டரை 0.3 விநாடி வரம்பில் ஓடவிடுங்கள். ஒளிபரப்பில் இடைவேளை விட்ட இடங்களில் படம் கருப்பாகி மீண்டிருக்கும். அந்த நேரங்களைப் பட்டியலாகத் தந்துவிடும். டெக்ஸ்டரில் ஒரு அரைமணிக்கு மூன்று குட்டிக் கதைகள், ஆகவே இரண்டு இடைவேளை. பவர்பஃபில் பெரும்பாலும் 11 நிமிடக் கதைகள் இரண்டு, ஆகவே நடுவில் ஒன்று. இருட்டுக் காட்சிகளும் பட்டியலில் புகுந்துவிடும். கரேஜில் இரவுக் காட்சிகள் நிறைய என்பதால் கண்ணால் பார்த்துத்தான் களைய வேண்டும். பிறகு எம்கேவி கோப்புகளைத் திருத்தும் எம்கேவிடூல்நிக்ஸின் சேப்டர் எடிட்டரில் பழைய சேப்டர்களை நீக்கி, கருப்பின் நடுப்புள்ளியில் புதியவற்றை வையுங்கள். வீடியோவை மறு என்கோடு செய்யத் தேவையில்லை. கை பழகினால் ஒரு எபிசோடுக்கு இரண்டு நிமிடம். 327 எபிசோடுக்கு அது 11 மணி நேரம். செய்த பிறகு தெரியும் வித்தியாசத்துக்கு அந்த 11 மணி நேரம் தகும்.

'அடுத்து டெக்ஸ்டர்' என்று சொல்லும் பம்பரை எங்கே வைப்பது? முடிகிற நிகழ்ச்சியின் போஸ்ட்-ரோலில் வைக்கத் தோன்றும். ஆனால் நிரலை மாற்றியதும் அடுத்து வேறு ஏதோ வந்து பம்பர் பொய்யாகிவிடும். அதனால் டெக்ஸ்டர் பம்பரை டெக்ஸ்டரின் ப்ரீ-ரோலிலேயே வையுங்கள். நிரலை எப்படிக் கலைத்து அடுக்கினாலும் பம்பருக்குப் பின்னால் டெக்ஸ்டர்தான் வரும்.

நிரலில் எபிசோடு வரிசைக்கு 'ரேண்டம்' வேண்டாம், 'ஷஃபிள்' போடுங்கள். ரேண்டம் நேற்று வந்ததையே இன்றும் எடுக்கும். ஷஃபிள் எல்லாம் ஒருமுறை தீரும்வரை திரும்ப எடுக்காது. டூனாமியின் டிராகன் பால் இசட் போன்ற தொடர்கதைகளுக்கு மட்டும் 'கிரோனலாஜிக்கல்'. டூனாமிக்கு மாலை 4 மணி என்று ஃபிக்ஸ்டு ஸ்டார்ட் கொடுத்தால், முன்னால் ஓடுவதை அதற்கேற்ப நிறுத்தி மிச்சத்தை டெயிலால் அடைத்துக்கொள்ளும். 1995-இல் இந்தியாவில் வந்தபோது கார்ட்டூன் நெட்வொர்க் டிஎன்டி என்ற திரைப்படச் சேனலோடு ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொண்டது. கார்ட்டூன் முடிந்ததும் பழைய ஹாலிவுட் படம் தொடங்கிவிடும். அந்த நினைவு வேண்டுமென்றால் இரவுக்கு ஒரு ஃபிக்ஸ்டு ஸ்டார்ட் வைத்து, அதில் கருப்பு வெள்ளைப் படங்களின் கலெக்ஷனைக் கொடுங்கள். நிரலில் எதை மாற்றினாலும் பிளேஅவுட்டை (நிரலை வைத்து மென்பொருள் முன்கூட்டியே கட்டிவைக்கும் பட்டியல்) ரீசெட் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஏற்கெனவே கட்டிவைத்த பழைய நிரலே ஓடிக்கொண்டிருக்கும்.

தமிழ் ஆடியோவும் சேர்ந்த கோப்புகள் இருந்தால், சேனல் அமைப்பில் விருப்ப மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுக்கலாம். கோப்பில் அந்த டிராக்குக்கு டி, ஏ, எம் என்ற மூன்றெழுத்துக் குறி இருந்தால்தான் அது கண்டுபிடிக்கும். மொழி குறிக்காத டிராக்குகள்தான் அதிகம் என்பதால், எம்கேவிடூல்நிக்ஸில் திறந்து ஒருமுறை குறித்துவிடுங்கள்.

படத்தின் வடிவம் 4:3. எஃப்எஃப்எம்பெக் புரொஃபைலில் 640×480 தேர்ந்தெடுங்கள். 1920×1080 வைத்தால் இரு பக்கமும் கருப்புப் பட்டை வரும். மூலை லோகோ போய் அந்தப் பட்டையில் உட்கார்ந்துகொள்ளும். லோகோவுக்கு வாட்டர்மார்க் வசதி இருக்கிறது: இடம், அளவு, மங்கல், சில நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் தோன்றுவது எல்லாம் அமைக்கலாம். ஃபில்லர் அமைப்பில் 'வாட்டர்மார்க் அனுமதி' என்ற பெட்டியில் டிக்கை எடுத்துவிடுங்கள். விளம்பரம் வந்ததும் மூலை லோகோ மறைந்து, கார்ட்டூன் திரும்பியதும் மெல்ல வந்து நிற்கும். கண் இதைத் தனியாகக் கவனிக்காது, ஆனால் மனசு இது டிவிதான் என்று நம்புவது இங்கேதான்.

ஒலி அளவு தனித் தலைவலி. டிவிடியின் ஒலி தாழ்ந்திருக்கும், விஎச்எஸ் விளம்பரம் அலறும். லவுட்னஸ் நார்மலைஸ் வசதியை மென்பொருளே தருகிறது என்றாலும், அது ஓட ஓடச் சரிசெய்வதால் 15 விநாடித் துண்டுகளில் ஒலி ஏறி இறங்குவது காதில் படும். எல்லாக் கோப்புகளையும் முன்கூட்டியே இரண்டு பாஸில் (முதலில் அளந்து, பிறகு திருத்தி) மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் என்ற ஒலி அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. அமெரிக்க டிவிடிகளின் 29.97 ஃப்ரேம் டெலிசினியையும் (24 ஃப்ரேம் படத்தை டிவி வேகத்துக்கு நீட்டும் முறை) அப்போதே கழற்றிவிடுங்கள். வெறும் டீஇன்டர்லேஸ் (கோடு கோடாகப் பிரிந்த படத்தைச் சேர்ப்பது) போட்டால் அசைவுகளில் இரட்டை உருவம் படியும்.

குறைகளும் உண்டு. சேனல் மாற்றினால் படம் வரச் சில விநாடிகள் பிடிக்கும். பட்டென்று மாறிய பழைய டிவிக்கு இது ஈடாகாது. கலெக்ஷன், ஷெட்யூல், பிளேஅவுட், சேனல் என்ற நான்கு அடுக்கும் பிடிபட ஒரு வாரம் ஆகும். அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்கு டியூனார் என்ற இதேபோன்ற மென்பொருள் இன்னும் எளிது. நிகழ்ச்சிகளுக்கு இடையில் மட்டும் விளம்பரம் போதும் என்றால் அதுவே நிறைவாக இருக்கும். கணினியைப் பொறுத்தவரை, இன்டெல் என்100 மினி பிசி ஒன்று குயிக் சிங்க் (சிப்பிலேயே உள்ள வீடியோ என்கோடர்) துணையோடு இந்த அளவுள்ள பல சேனல்களைச் சிரமமின்றி ஓட்டும். முகவரியை வீட்டு நெட்வொர்க்குக்கு வெளியே திறக்காதீர்கள். இவை இன்னும் காப்புரிமை உள்ள படைப்புகள்.

வீட்டில் பழைய டியூப் டிவி இருந்தால் கட்டாயம் அதில் பாருங்கள். ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினியின் 3.5 மிமீ துளையிலேயே காம்போசிட் வீடியோ இருக்கிறது. அமைப்பில் இயக்கிவிட்டால் போதும். கேபிள் வாங்கும்போது கவனம்: ராஸ்பெரி பையில் நுனியிலிருந்து இடது ஒலி, வலது ஒலி, கிரவுண்ட், வீடியோ என்ற வரிசை. கேம்கோடர் கேபிள்கள் பலவற்றில் இந்த வரிசை மாறியிருக்கும். படம் உருண்டு, ஒலியில் உறுமல் கேட்டால் காரணம் அதுதான். படம் கருப்பு வெள்ளையாக வந்தால் ராஸ்பெரி பையில் பால், என்டிஎஸ்சி என்ற டிவி ஒளிபரப்பு முறைகளை மாற்றிப் பாருங்கள். டியூப் டிவி ஓரங்களைச் சற்று விழுங்கும் என்பதால் வாட்டர்மார்க்கின் ஓர இடைவெளியை 8 சதவீதமாக வையுங்கள். குறைவாக வைத்தால் கட்ட லோகோவின் வலது பாதி பிளாஸ்டிக் சட்டத்துக்குப் பின்னால் போய்விடும்.