மியூஸ்கோரில் திஸ்ரமும் கண்டமும்: சில வருடப் பழக்கத்தில் கண்டது

கொன்னக்கோல் சொற்கட்டுகளையும் (வாயால் சொல்லும் தாளச் சொற்கள்) கோர்வைகளையும் (கணக்குப் போட்டு முடிக்கும் தாள அமைப்புகள்) ஸ்டாஃப் நொட்டேஷனில், அதாவது மேற்கத்திய ஐந்து கோட்டு இசைக்குறியீட்டில் எழுதி, வயலின், செல்லோ வாசிக்கும் மேற்கத்திய இசைக்காரர்களிடம் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. அதாவது, மற்றவர்கள் எப்போதாவது தொடும் ட்யூப்லெட் (ஒரு கால அளவை இரண்டு, நான்கு என்றில்லாமல் மூன்று, ஐந்து என்று சமமாகப் பிரிப்பது) எனக்கு அன்றாடச் சாப்பாடு. மியூஸ்கோர் என்ற இசை எழுதும் மென்பொருளின் மூன்றாம் பதிப்பில் தொடங்கி, 2022 டிசம்பரில் நான்கு வந்த பிறகு அதற்கு மாறி, இன்றுவரை அதில்தான் எழுதுகிறேன்.

மியூஸ்கோரில் ட்யூப்லெட் போட முதலில் மொத்தக் கால அளவைச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் அதை எத்தனையாகப் பிரிப்பது என்பது. ஒரு கிராட்செட்டுக்குள் மூன்று வேண்டுமென்றால் (கிராட்செட்டில் பாதி குவேவர், அதில் பாதி செமிகுவேவர், அதிலும் பாதி டெமிசெமிகுவேவர்; கிராட்செட்டைப் போல இரண்டு மடங்கு மினிம்), N விசையை அழுத்தி எழுதும் நிலைக்குப் போய், கிராட்செட்டுக்கான 5, பிறகு கன்ட்ரோலும் 3-ம். மூன்று குவேவர் இடம் தயார், ஸ்வரங்களை நிரப்பினால் போதும். குவேவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு கன்ட்ரோல் 3 அழுத்தினால் அந்தக் குவேவருக்குள்ளேயே மூன்று செமிகுவேவர் வந்து நிற்கும். சிபேலியஸ் என்ற இன்னொரு மென்பொருளில் முதல் ஸ்வரத்தை எழுதிவிட்டு ட்ரிப்லெட் (மூன்றாகப் பிரிக்கும் ட்யூப்லெட்) ஆக்கிப் பழகியவர்கள் இங்கே முகம் சுளிப்பார்கள். நமக்கு அப்படியில்லை. அட்சரம் (தாளத்தின் ஒரு எண்ணிக்கை) முதலில், அதற்குள் நடை (அதை எத்தனையாகப் பிரிப்பது) என்றுதானே தாளம் போட்டே பழகியிருக்கிறோம்!

மேலே சொன்ன மூன்று, திஸ்ர நடை. ஐந்தாகப் பிரிக்கும் கண்ட நடைக்குக் கன்ட்ரோல் 5, ஏழாகப் பிரிக்கும் மிஸ்ரத்துக்கு 7, ஒன்பதாகப் பிரிக்கும் சங்கீர்ணத்துக்கு 9. இதில் ஒரு சிக்கல் உண்டு. கிராட்செட்டை அட்சரமாக வைத்தால் கண்டமும் மிஸ்ரமும் செமிகுவேவராக வரும், இரண்டு கோடு. சங்கீர்ணமோ எட்டின் இடத்தில் ஒன்பது என்று கணக்காகி டெமிசெமிகுவேவராக, மூன்று கோட்டோடு வரும். இது மென்பொருளின் குறை இல்லை, எழுத்து மரபே அப்படி. ஆனால் பக்கம் கறுத்துப்போய், வாசிப்பவர் தேவையில்லாமல் பயந்துவிடுகிறார். அதனால் நடை மாறி மாறி வரும் உருப்படிகளில் மினிமையே அட்சரமாக வைத்துவிடுகிறேன். கண்டமும் மிஸ்ரமும் ஒற்றைக் கோட்டு குவேவர் ஆகிவிடும், சங்கீர்ணம் செமிகுவேவரோடு நின்றுவிடும். முழு உருப்படியும் திஸ்ர நடையென்றால் ட்யூப்லெட்டே வேண்டாம். 12/8-ல் (பன்னிரண்டு குவேவர் கொண்ட பார்) போட்டால் நான்கு அட்சரம் ஒரு பாரில், அதாவது இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே அடங்கும், எட்டு அட்சர ஆதி தாளத்துக்கு இரண்டு பார். ஒவ்வொரு அட்சரத்தின் தலையிலும் 3 போட்டுக்கொண்டிருப்பது வீண் வேலை.

பெரிய தடை பார் கோடுதான். மியூஸ்கோரில் ட்யூப்லெட் ஒன்று அதைத் தாண்டிப் போக முடியாது. இரண்டு அட்சரத்துக்கு மூன்று என்று கீழ்க்காலத் திஸ்ரம் எழுதும்போது, ஒரு அட்சரம் பாரின் கடைசியிலும் அடுத்தது புதிய பாரிலும் விழுந்தால் மாட்டிக்கொள்வோம். வழி இருக்கிறது. அட்சரம் கிராட்செட் என்றால், இரண்டையும் தனித்தனித் திஸ்ரமாக்கி, முதலாவதில் கிராட்செட்டும் குவேவரும், இரண்டாவதில் குவேவரும் கிராட்செட்டும் எழுதி, நடுவிலுள்ள குவேவர் இரண்டையும் டை (இரண்டை ஒரே ஸ்வரமாக நீட்டும் வளைகோடு) போட்டுச் சேர்க்க வேண்டும். காதுக்குக் கணக்கு சரியாக வரும். கண்ணுக்கு மூன்று சமமான சொற்கள் என்பது மறைந்துவிடும், அதுதான் வருத்தம். டோரிகோ என்ற மென்பொருளில் ட்யூப்லெட்டைப் பார் கோட்டுக்குக் குறுக்கே அப்படியே எழுதலாம். இந்த ஒரு விஷயத்தில் அது பல படி மேலே.

போட்ட கண்டத்தை மிஸ்ரமாக மாற்ற நேரடி வழி இல்லை. ட்யூப்லெட்டின் மேலுள்ள அடைப்புக்குறியையோ எண்ணையோ தேர்ந்தெடுத்து டெலீட் அழுத்தினால் எல்லாம் போய் வெறும் ரெஸ்ட் (மௌனக் குறி) மிஞ்சும், மறுபடி எழுத வேண்டும். காப்பி செய்யும்போதும் பாதி ட்யூப்லெட்டை எடுக்க முடியாது, முழுசாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்.

இதையெல்லாம் ஈடுகட்டுவது ரீபிட்ச் முறை. முதலில் ஒரே ஸ்வரத்தில் ஒரு பார் கண்ட நடையை எழுதி, அதைத் தேர்ந்தெடுத்து R விசையை அழுத்திக்கொண்டே போனால் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) முழுவதும் நிரம்பும். அப்புறம் ரீபிட்சுக்குப் போய் ஸ்வரங்களை மட்டும் தட்டிக்கொண்டே வரலாம், தாளக் கணக்கு அசையாது. நீளமான கல்பனாஸ்வரக் கோர்வைகளை நான் இப்படித்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு அட்சரத்துக்கும் கன்ட்ரோல் 5 தட்டிக்கொண்டிருந்தால் விரல் வலிப்பதுதான் மிச்சம்.

எல்லா எண்களையும் காட்ட வேண்டியதில்லை. நடை மாறும் முதல் பாரில் மட்டும் வைத்துவிட்டு, மற்றவற்றைத் தேர்ந்தெடுத்துப் ப்ராப்பர்ட்டீஸில் எண்ணையும் அடைப்புக்குறியையும் எடுத்துவிடுகிறேன். மிஸ்ரத்துக்கு மட்டும் முதல் இடத்தில் 7:4 என்று விகிதமாகவே காட்டுகிறேன். ஏழு நான்கின் இடத்திலா எட்டின் இடத்திலா என்று ஒத்திகையில் யாராவது கேட்காமல் இருப்பதில்லை.