டோபா கச்சா எண்ணெயின் கால்சியத்துக்கு எந்த அமிலம்? வினிகர், எலுமிச்சை, கிளைகாலிக்: ஓர் ஒப்பீடு

ஆப்பிரிக்காவின் சாடு நாட்டுத் தென்பகுதியில் உள்ள டோபா வயல்களிலிருந்து எடுக்கப்படும் கச்சா எண்ணெய், 2003 முதல் 1,070 கிலோமீட்டர் நீளக் குழாய் வழியாகக் கேமரூனின் கிரிபி கடற்கரைக்கு வந்து கப்பலேறுகிறது. கந்தகம் மிகக் குறைவாக இருப்பதால் பார்வைக்கு நல்ல சரக்கு. ஆனால் ஏபிஐ எண் (எண்ணெயின் அடர்த்தி அளவுகோல்; எண் குறையக் குறைய எண்ணெய் கனமானது) சுமார் 21 மட்டுமே கொண்ட கனமான எண்ணெய், அமிலத்தன்மையும் கால்சியமும் மிகுந்தது. வாங்கும்போது கிடைத்த விலைத் தள்ளுபடி கையில் நிற்குமா, பராமரிப்புச் செலவில் கரையுமா என்பது பெரும்பாலும் உப்பு நீக்கும் கலமான டீசால்டரில் என்ன மருந்தை ஊற்றுகிறோம் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

வழக்கமான கச்சா எண்ணெயில் உப்பு என்பது எண்ணெய்க்குள் சிதறிய நுண்ணிய நீர்த்துளிகளில் கரைந்திருக்கும் குளோரைடுகள்தான். எண்ணெயை 110 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, 3 முதல் 10 விழுக்காடு கழுவுநீரைச் சேர்த்து, மின்புலத்தில் துளிகளை ஒன்றுசேர்த்து அடியில் இறக்கிவிட்டால் உப்பில் பெரும்பகுதி போய்விடும். டோபாவின் கால்சியமோ எண்ணெயிலேயே கரைந்த நாப்தனேட்டாக, அதாவது ஒருவகைச் சோப்பாக, இருக்கிறது; எவ்வளவு தண்ணீர் விட்டுக் கழுவினாலும் அது தண்ணீருக்கு வராது. அதை உடைத்துத் தண்ணீருக்கு மாற்ற அமிலம் வேண்டும்.

அமிலத்துக்கு முன், எண்ணெயும் நீரும் பிரியாமல் கலந்து நிற்கும் பால்மத்தை உடைக்கும் மருந்தான பால்ம முறிப்பான் பற்றி ஒரு வார்த்தை. 130 டிகிரியில் நீரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.935 கிராம், இத்தகைய எண்ணெயின் அடர்த்தியோ அதைவிடச் சற்றுதான் குறைவு, வித்தியாசம் 0.1 கூட வராது. துளி கீழிறங்கும் வேகம் இந்த வித்தியாசத்துக்கும் துளி விட்டத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதத்திலும் எண்ணெயின் பாகுத்தன்மைக்கு எதிர்விகிதத்திலும் இருப்பதால், அடர்த்தியும் பாகும் கைவிடும் இடத்தில் துளியைப் பெரிதாக்குவதொன்றே வழி. எண்ணெயில் கரையும் வகை முறிப்பானைக் கச்சா எண்ணெய்ப் பம்பின் உறிஞ்சுவாயிலேயே செலுத்தினால், சூடேற்றிகள் வழியே போகும் நேரம் முழுவதும் அது துளிகளைச் சுற்றியுள்ள ஆஸ்பால்டீன் (எண்ணெயிலுள்ள கனமான தார்ப்பொருள்) தோலை அடைந்து வேலை செய்கிறது. நீரில் கரையும் வகையைக் கழுவுநீரோடு விட்டால், கலக்கு வால்வுக்குப் பிறகு கிடைக்கும் சொற்ப நேரமே அதற்கு உண்டு. மருந்தில் ஒரு பங்கு, கழுவி முடித்து அடியில் இறங்கும் உப்புநீரோடு வெளியேறியும் விடும். ஆகவே கனமான எண்ணெய்க்கு முதல் வகையே அடிப்படை மருந்து என்பதில் எனக்கு ஐயமில்லை. இரண்டாவதை, திடத்துகள்களை நனைத்து நீருக்கு இழுக்கவோ உப்புநீரில் எண்ணெய் கலந்து போகும்போது அதைத் தெளியவைக்கவோ துணையாக வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் அளவு மீறினால் முறிப்பானே புதுப் பால்மத்தை உண்டாக்கும்.

உண்மையான போட்டி அமிலங்களுக்கிடையில்தான். ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்: நாளொன்றுக்கு 10,000 டன் எண்ணெய்க் கலவை, அதில் 40 பிபிஎம் (பத்து லட்சத்தில் 40 பங்கு) கால்சியம், கழுவுநீர் 500 டன். கால்சியம் மொத்தம் 400 கிலோ. முழுவதையும் எடுக்க, வேதிச்சமன்படி மட்டும் பார்த்தால், வினிகரின் அமிலமான அசெட்டிக் 1,200 கிலோ, எலுமிச்சையின் அமிலமான சிட்ரிக் 1,280 கிலோ, கிளைகாலிக் 1,520 கிலோ தேவை. நடைமுறையில் இவற்றுக்கு மேல்தான் ஊற்ற வேண்டியிருக்கும். எடைக்கணக்கில் அசெட்டிக் முந்துகிறது; எங்கும் தாராளமாகக் கிடைக்கும் சரக்கு என்பதால் கொள்முதல் பிரிவுக்கும் அதுவே பிடிக்கும்.

சிட்ரிக் அமிலம் இந்தத் துறையில் பழைய ஆள். கால்சியத்தை நீக்க அதைப் பயன்படுத்தும் முறைக்குச் செவ்ரான் நிறுவனம் 1980களிலேயே காப்புரிமைகள் பெற்றது. கால்சியத்தை இறுகப் பற்றுவதில் அதற்கு நிகர் குறைவு. ஆனால் பற்றியதை நீரில் கரைத்து வைத்துக்கொள்வதில் அது தோற்கிறது. மேற்சொன்ன கணக்கில் ஒரு லிட்டர் உப்புநீரில் 3.3 கிராம் கால்சியம் சிட்ரேட் சேரும். அறை வெப்பத்தில் கரையக்கூடியதோ சுமார் ஒரு கிராம். (சிட்ரிக் அமிலத் தொழிற்சாலைகளே நொதித்த கரைசலில் சுண்ணாம்பைச் சேர்த்து, அமிலத்தைச் சிட்ரேட்டாகப் படியவைத்துத்தான் பிரித்தெடுக்கின்றன. அவர்களுக்கு லாபமான அதே படிவு நமக்குக் குழாயடைப்பு.) பிஹெச்சை நன்கு தாழ்த்தினால் கரைதிறன் கூடும் என்பது உண்மையே, அதற்கு மேலும் அமிலம் வேண்டும், உப்புநீர்க் குழாய்களின் அரிப்பையும் தாங்க வேண்டும்.

அசெட்டிக்குக்கு இந்தத் தொல்லை அறவே இல்லை. கால்சியம் அசெட்டேட் லிட்டருக்கு முந்நூறு கிராமுக்கு மேல் கரையும். அதன் குறை வேறு திசையில் இருக்கிறது: அயனியாகப் பிரியாத அசெட்டிக் மூலக்கூறுகள் எண்ணெய்க்குள்ளும் புகுந்துவிடும். அறை வெப்பநிலை மாறிலிகளைக் கொண்டு கணக்கிட்டால், பிஹெச் 5-இல் அசெட்டிக்கில் 36 விழுக்காடு இப்படிப் பிரியாமல் நிற்கிறது. கிளைகாலிக்கில் 6 விழுக்காடுதான். கால்சியத்தை நன்றாக எடுக்க பிஹெச்சைத் தாழ்த்த வேண்டும், தாழ்த்தினாலோ அசெட்டிக் எண்ணெய்க்குள் ஓடுகிறது என்ற இழுபறியில்தான் டீசால்டரை இயக்குபவர் சிக்கிக்கொள்கிறார். எண்ணெயோடு போன அமிலம் 118 டிகிரியில் கொதிக்கும் பொருளாதலால் வடிகோபுரத்தின் உச்சிக்கு ஏறி, அங்கே முதலில் குளிரும் நீரில் கரைந்து அதன் பிஹெச்சைக் கீழே இழுக்கிறது. அதைச் சமன்செய்ய, அமிலத்தை முறிக்கும் காரப்பொருளான அமீன் கூடுதலாக விட வேண்டும். கூடுதல் அமீன், குளோரைடோடு சேர்ந்து உப்பாகப் படிந்து, அதனடியில் உலோகத்தைத் தின்னும். டீசால்டரில் மிச்சம் பிடித்த பணம் உச்சிக் குளிர்விப்பானில் செலவாகிறது. இரண்டும் வேறு வேறு கணக்குத் தலைப்புகளில் வருவதால் இது பெரும்பாலும் எவர் கண்ணிலும் படுவதில்லை.

கிளைகாலிக் அமிலம் இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. அதன் கால்சிய உப்பு, நம் கணக்கில் லிட்டருக்கு 3.8 கிராம் சேர்ந்தாலும் கரைந்தே இருக்கும், ஏனெனில் அறை வெப்பத்திலேயே பத்துக் கிராமுக்கு மேல் கரையக்கூடியது. கூடுதல் ஹைட்ராக்சில் தொகுதி அதை எண்ணெயிலிருந்து நீருக்கே இழுத்துவைக்கிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் இது ஆதாயம்: வேதி ஆக்சிஜன் தேவை (கழிவைச் சிதைக்க வேண்டிய ஆக்சிஜனின் அளவு) அசெட்டிக்கால் நாளுக்கு 1,280 கிலோ கூடினால், கிளைகாலிக்காலும் சிட்ரிக்காலும் ஏறக்குறைய 960 கிலோவே கூடும். எடையில் அதிகம் வேண்டும் என்பதும் கிலோ விலை கூடுதல் என்பதுமே அதன் மேலுள்ள குறை. கந்தக அமிலம் இவையெல்லாவற்றையும்விட மலிவுதான். ஆனால் அது ஜிப்சமாகப் படியும், அளவு தவறினால் இரும்பை அரிக்கும் என்பதால் அதை நான் ஆட்டத்திலேயே சேர்க்கவில்லை.

ஆகவே கலவையில் டோபாவின் பங்கு கணிசமாக, தொடர்ச்சியாக இருக்கும் ஆலைக்குக் கிளைகாலிக்கையே சொல்வேன். எப்போதோ ஒரு கப்பல் வாங்கி, கால்சியம் 10 பிபிஎம் தாண்டாதபடி கலக்கும் ஆலையில் சிட்ரேட் லிட்டருக்கு 0.83 கிராம்தான் சேரும். அங்கே சிட்ரிக் போதும், அதற்கு மேல் போனால் விளிம்பு தாண்டிவிடும். அசெட்டிக்கைத் தேர்ந்தே தீர வேண்டுமென்றால் உப்புநீர் பிஹெச்சை 5.5-க்குக் கீழே விடாமல், கால்சியத்தில் ஒரு பகுதி எண்ணெயிலேயே தங்குவதை ஏற்றுக்கொள்வது நல்லது. எந்த அமிலத்தோடு சோதனை ஓட்டம் தொடங்கினாலும், எண்ணெயில் மிஞ்சிய கால்சியத்தை மட்டும் அளந்து வெற்றி என்று எழுதிவிடக் கூடாது. உப்புநீர் வெப்பமாற்றியின் அழுத்த வீழ்ச்சியையும் கோபுர உச்சி நீரின் பிஹெச்சையும் அதே தாளில் நாள்தோறும் குறித்துவர வேண்டும்.