ஊரகச் சமூகவியலா, பொதுச் சமூகவியலா?

கிராமப்புற வாழ்வை ஆராய விரும்பி அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்: கலைக் கல்லூரியின் பொதுச் சமூகவியல் துறை, அல்லது வேளாண் கல்லூரிக்குள் இயங்கும் ஊரகச் சமூகவியல் துறை. நான் படித்தது இரண்டாவதில். என் சாய்வும் அந்தப் பக்கமே.

விண்ணப்பத் தாள்களில் பெரிய வேறுபாடு இல்லை. மதிப்பெண் சான்றிதழ், பரிந்துரைக் கடிதங்கள், நோக்க அறிக்கை, ஆங்கிலத் தேர்வு ஆகியவை இரண்டிலும் உண்டு. மேற்படிப்புச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வான ஜிஆர்இ-யைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன. வேளாண்மை படித்தவர்களை ஊரகச் சமூகவியல் தயக்கமின்றி ஏற்கும். கோட்பாடு, புள்ளியியல் போன்றவற்றில் குறையிருந்தால் சேர்ந்தபின் ஈடுசெய்யச் சொல்லும்.

உண்மையில் தீர்மானிப்பது உதவித்தொகை எங்கிருந்து வருகிறது என்பதே. 1887-ஆம் ஆண்டின் ஹேட்ச் சட்டம், வேளாண் கல்லூரிகளோடு இணைந்த ஆய்வு நிலையங்களுக்கு நடுவண் அரசின் நிதியை வழங்கியது. 1925-இல் வந்த பர்னெல் சட்டம் அந்நிதியை ஊரகச் சமூக ஆய்வுக்கும் திறந்துவிட்டது. இத்துறைகளில் மாணவரின் சம்பளம் பெரும்பாலும் ஒரு பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்திலிருந்து வருவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. பொதுத் துறையில் சேர்க்கைக் குழு முடிவெடுக்கும், உதவித்தொகை பெரும்பாலும் கற்பித்தல் பணியாக வரும். முன்கூட்டியே பேராசிரியருக்கு எழுதுவதால் அங்கே பெரிதாக எதுவும் மாறாது. ஊரகச் சமூகவியலிலோ, மதிப்பெண் சிறப்பாக இருந்தும், திட்டத்தில் இடமுள்ள பேராசிரியர் ஒருவர் அந்த மாணவரைத் தனக்கு வேண்டுமெனக் கேட்காததால் விண்ணப்பம் நின்றுபோவதுண்டு. பதிலுக்குக் கிடைப்பது, முதல் பருவத்திலேயே தொடங்கும் ஆய்வுப் பயிற்சி: பண்ணைக் குடும்பங்களுக்கு அனுப்பிய கருத்தாய்வுப் படிவங்களின் பதில்களை எண்களாகக் குறியீடு செய்து, அவற்றை ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் வேளாண் கணக்கெடுப்போடு கவுண்டி (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பிரிவு) வாரியாகப் பொருத்திப் பார்க்கும் வேலையை எந்த வகுப்பறையும் கற்றுத்தராது.

பெயரை மட்டும் வைத்துத் தேடுபவர்கள் நல்ல இடங்களைத் தவறவிடுவார்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் ஊரகச் சமூகவியல் என்ற பழைய பெயரிலேயே பட்டம் தருகிறது; விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அத்துறை சமுதாய, சுற்றுச்சூழல் சமூகவியல் என்று மாறி, பொதுச் சமூகவியலோடு சேர்ந்தே மேற்படிப்பை நடத்துகிறது.

சமூகவியல் துறைகளில் ஆசிரியப் பணியைக் குறிவைப்பவர்களுக்குப் பொதுப் பட்டமே கைகொடுக்கும் என்று தோன்றுகிறது. அந்த வேலைச் சந்தையை நான் வெளியிலிருந்து மட்டுமே பார்த்திருக்கிறேன். திட்ட நிதிக்கு இன்னொரு பக்கமும் உண்டு: முனைவர் பட்டத்துக்கு ஐந்தாண்டு ஆகலாம், மானியம் அதற்கு முன்பே முடிந்துவிடலாம். ஆகவே பேராசிரியருக்கு எழுதும் மடலிலேயே, திட்டத்தில் எத்தனை ஆண்டுகள் மீதமிருக்கின்றன என்று கேட்டுவிடுவது நல்லது.