ரோமானியச் சிப்பாயின் உடம்பில் எது? வளையக் கவசம், தகட்டுக் கவசம், செதில் கவசம்

"ஏப்ரல் 25. பட்டறைகளில் 343 பேர். அவர்களில் செருப்புத் தைப்பவர்கள் 12, குளியல்கூடக் கட்டட வேலைக்கு 18." இங்கிலாந்தின் வடக்கே விண்டோலண்டா கோட்டையில் கிடைத்த மெல்லிய மரப்பலகை ஒன்று சொல்லும் செய்தி இது. ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன் மையால் எழுதிய வேலைப் பட்டியல். இன்னொரு பலகையில், இன்றைய பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த டுங்க்ரியர் என்ற இனத்தாரின் படைப்பிரிவு ஒன்றின் ஆள்கணக்கு இருக்கிறது. மொத்தம் 752 பேர். அதில் 456 பேர் கோட்டையில் இல்லை, வெளியூர்ப் பணியில் இருக்கிறார்கள். இருப்பவர்களில் 31 பேர் வேலைக்கு லாயக்கில்லாதவர்கள்: நோயாளிகள் 15, காயம்பட்டவர்கள் 6, கண்வலிக்காரர்கள் 10.

காயம்பட்டவர்களைவிடக் கண்வலிக்காரர்கள் அதிகம். ரோமானியச் சிப்பாயின் வாழ்க்கையை உடுத்தியும் சமைத்தும் நடந்தும் பார்க்கிற மறுநிகழ்த்தல் குழுக்களில் புதிதாகச் சேருகிறவர்கள் கவசம் வாங்குமுன் இந்தக் கணக்கை ஒருமுறை படித்துவிட வேண்டும் என்பது என் ஆசை. எந்தக் கவசம் வாளை நன்றாகத் தடுக்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சிப்பாயின் நாட்களோ பட்டறையிலும் காவலிலும் சாலை வேலையிலும் மாவரைக்கும் திருகை முன்னாலும் கழிந்தன. அந்த நாட்களுக்கு எது ஒத்துவரும் என்பதையே இங்கே பார்க்கப் போகிறேன்.

கூட்டம் பார்க்க விரும்புவது தகட்டுக் கவசத்தை. இரும்புப் பட்டைகள் மார்பையும் வயிற்றையும் சுற்றி வரிவரியாக வர, தோள்மேல் வளைந்த தகடுகள் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கும். இதை 'லோரிகா செக்மென்டாட்டா' என்கிறோம். ஆனால் இது 16ஆம் நூற்றாண்டில் அறிஞர்கள் வைத்த பெயர், ரோமானியர் வைத்ததல்ல. பேரரசர் டிராஜன் டேசிய நாட்டில் நடத்திய போர்களைக் காட்டி, கி.பி. 113இல் ரோமில் எழுப்பிய டிராஜன் தூணில் லீஜியன் வீரர்கள், அதாவது ரோமானியக் குடிமக்களின் முதன்மைப் படையினர், வரிசையாக இதைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள், மண்வெட்டி பிடித்து அரண் கட்டும்போதும் இதே உடையில். குடியுரிமை இல்லாதவர்கள் சேரும் துணைப்படைக்காரர்களுக்கு, இரும்பு வளையங்களைக் கோத்த வளையக் கவசம். பார்ப்பவர்களுக்கு யார் எவர் என்று தெரியச் சிற்பிகள் கண்டுபிடித்த வழி அது என்றே நினைக்கிறேன். ஏனென்றால் அதே டேசியப் போர்களின் நினைவாக 109இல் இன்றைய ருமேனியாவின் ஆடம்கிளிசியில் எழுந்த சின்னத்தில், லீஜியன் வீரர்கள் வளையக் கவசமும் செதில் கவசமும் அணிந்திருக்கிறார்கள். போர் நடந்த மண்ணுக்குப் பக்கத்தில் செதுக்கிய சிற்பம் அது. நான் அதைத்தான் அதிகம் நம்புகிறேன்.

தகட்டுக் கவசம் எப்படிச் சேர்ந்து நின்றது என்பதே நெடுங்காலம் புதிராக இருந்தது. சிற்பத்தைப் பார்த்து, தோல் பட்டைகள் என்றுகூட நினைத்தார்கள். 1964இல், வட இங்கிலாந்தில் ரோமானியர் கட்டிய எல்லை அரணான ஹேட்ரியன் சுவருக்குத் தெற்கே, கார்பிரிட்ஜில் ஒரு மரப்பெட்டி தோண்டியெடுக்கப்பட்டது. ஈட்டி முனைகள், கருவிகள், ஆணிகளோடு பல கவசங்களின் பகுதிகள் அதற்குள் துருவோடு ஒட்டிக் கிடந்தன. அவற்றை வைத்துத்தான் இங்கிலாந்தின் ஆயுதக் காட்சியகத்தைச் சேர்ந்த ரஸ்ஸல் ராபின்சன் உள்பக்கத் தோல்வார்களின் அமைப்பைப் புரிந்து, அணியத்தக்க கவசமாக மீட்டார். 1972இல் குளோஸ்டர்ஷயரில் தொடங்கிய எர்மின் ஸ்ட்ரீட் கார்டு போன்ற குழுக்கள் இன்று போடும் கவசத்துக்கு அதுவே வேர். 2018இல் ஜெர்மனியின் கால்க்ரீஸில், கி.பி. 9ஆம் ஆண்டுப் போர்க்களம் என்று கருதப்படும் இடத்தில், கிட்டத்தட்ட முழுமையான ஒன்று கிடைத்தது. ஆக, இந்த வகை முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்திலேயே இருந்தது.

இதன் நல்ல குணங்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எடை 7 முதல் 9 கிலோ, தோள்முழுக்கப் பரவி இறங்கும். குனிந்தால் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று நழுவி இடம் கொடுக்கும். நான்கு பகுதிகளாகக் கழற்றி ஒன்றுக்குள் ஒன்று செருகினால் சின்ன மூட்டை. கனத்த அடி விழுந்தால் எலும்புக்குப் போகாமல் தகடு வாங்கிக்கொள்ளும். ஆனால் அதைச் சேர்த்துப் பிடிப்பவை மெல்லிய பித்தளைக் கீல்களும் பக்கிள்களும் கொக்கிகளும். ரோமானியக் கோட்டைகளைத் தோண்டினால் உடைந்த கீல்கள் அடிக்கடி கிடைக்கின்றன. கார்பிரிட்ஜ் பெட்டியிலேயே, கீல் போன இடத்தில் தகட்டோடு தகட்டை ரிவெட் அடித்து ஒப்பேற்றிய கவசம் இருக்கிறது. அதைச் செய்த பட்டறைக்காரனின் அவசரம் எனக்குக் கண்ணில் தெரிகிறது. பித்தளையும் இரும்பும் ஈரத்தில் ஒட்டியிருந்தால் இரும்பு சீக்கிரம் அரிக்கும், உள்ளே வியர்வை குடித்த தோல்வார் இற்றுப்போகும். ஸ்காட்லாந்தின் நியூஸ்டெட்டில் கிடைத்த பிற்கால வகையில் பொருத்துகள் குறைந்து, எளிமையாகிவிட்டன.

செதில் கவசத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சின்னச் சின்னத் தகடுகளைக் கம்பியால் பக்கவாட்டில் கோத்து, வரிசை வரிசையாகத் துணிமேல் தைத்தது. வெயிலில் மீன்போல மின்னும். செஞ்சுரியன்கள் என்ற படை அதிகாரிகள், கொடி தூக்குபவர்கள், குதிரைப் படையினர் அணிந்ததைக் கல்லறைச் சிற்பங்களில் காணலாம். கீழிருந்து மேல்நோக்கிக் குத்தினால் செதிலுக்கு அடியில் முனை நுழையும். நூல் இற்றால் செதில் கொட்டும். அணிவகுப்புக்கு அழகு, மண் சுமக்க ஆகாது.

வளையக் கவசம் இவற்றைவிடப் பழையது. இதை ரோமானியர் கெல்ட் மக்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வளையமும் நான்கு வளையங்களோடு கோக்கப்பட்டிருக்கும். முழு வளையங்கள் ஒரு வரிசை, முனை தட்டி ரிவெட் அடித்த வளையங்கள் அடுத்த வரிசை என மாறி மாறி வரும். ஒரு சட்டைக்கு முப்பதாயிரம் வளையங்களாவது வேண்டும். செய்து முடிக்க மாதங்கள் ஆகும், அதுதான் இதன் பெரிய குறை. கனத்த அடியின் அதிர்ச்சியையும் இது தானாகத் தடுக்காது, உள்ளே தடித்த உள்ளங்கி வேண்டும். தகட்டுக் கவசத்துக்கும் தோளில் மெத்தை வைக்காவிட்டால் தகடுகள் சரியாக உட்காராது என்பதால், உள்ளங்கிச் செலவில் இரண்டும் ஒன்றே.

எடை 10 கிலோவைத் தொடும், நீளமான சட்டையென்றால் 12. ஒரு வார இறுதி நிகழ்ச்சியில் எனக்குப் போட்டுவிட்டார்கள். தோள் இரண்டும் கீழே இழுத்தன. பிறகு இடுப்பில் வாரை இறுக்கி, சட்டையைக் கொஞ்சம் மேலே தூக்கி வாரின்மேல் தொங்கவிட்டதும் பாதிச் சுமை இடுப்புக்கு இறங்கிவிட்டது. அந்த வாருக்காகவே சிப்பாயை மெச்சத் தோன்றியது. போடுவது சட்டை மாட்டுவதுபோலத்தான். கழற்றக் குனிந்து உடம்பை உதறினால் தலைவழியே வழுக்கி விழும். நள்ளிரவில் எழுப்பினாலும் துணைக்கு ஆள் தேட வேண்டாம்.

துருவிலும் இதற்கே மதிப்பெண். அன்றாடம் அணிந்தால் வளையங்கள் ஒன்றோடொன்று உரசித் தம்மைத் தாமே தேய்த்துக்கொள்ளும். மூலையில் போட்டு வைத்ததை மணலோடு உருட்டினால் பளிச்சென்று வரும். தகட்டில் ஒவ்வொரு மடிப்பையும் எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். விண்டோலண்டா இருக்கும் நார்தம்பர்லாந்தின் மழையில் அது தினசரி வேலை. வளையம் அறுந்தால் பத்து வளையமும் ஒரு குறடும் போதும். ஒருவன் ஓய்வு பெற்றால் அடுத்தவன் உடம்புக்கு நீட்டியோ குறுக்கியோ கொடுத்துவிடலாம். சம்பளத்திலிருந்து சாப்பாட்டுக்கும் செருப்புக்கும் பிடித்தம் போன சிப்பாய்க்கு இது பெரிய விஷயம்.

ஆகவே என் தீர்ப்பு வளையக் கவசம். குடியரசுக் காலத்திலிருந்து பேரரசின் கடைசி வரை எந்தக் காலத்துச் சிப்பாயாக நின்றாலும் பொருந்துவது இது ஒன்றுதான். முதல் நூற்றாண்டின் பிற்பாதியிலோ இரண்டாம் நூற்றாண்டிலோ லீஜியன் வீரனாகத்தான் நிற்பேன், வருகிற பிள்ளைகள் கண்டதும் 'ரோமன்' என்று கத்த வேண்டும் என்றால் தகட்டுக் கவசம் வாங்குங்கள், தவறில்லை. இரண்டாம் நூற்றாண்டு என்றால் நியூஸ்டெட் வகையைப் பாருங்கள், உடையக்கூடிய பொருத்துகள் அதில் குறைவாகவே இருக்கின்றன.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உலகெங்கும் மறுநிகழ்த்துவோர் அணியும் ஆயத்தக் கவசங்களில் கணிசமானவை வட இந்தியாவில், மீரட், டேராடூன் வட்டாரங்களில் செய்து ஏற்றுமதியாகின்றன. விலை மலிவானவற்றில் வளையம் பெரிதாக இருக்கும், முனைகள் வெறுமனே சேர்த்து அமுக்கப்பட்டிருக்கும். அவை தம் எடையாலேயே விரிந்து அக்குளில் ஓட்டை விழும். கொஞ்சம் கூடுதல் விலைக்கு ரிவெட் அடித்தவையும் அங்கிருந்தே வருகின்றன. நகத்தால் ஒரு வளையத்தின் இணைப்பைத் தடவிப் பாருங்கள், சின்ன முண்டு ஒன்று தட்டுப்பட வேண்டும்.