அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா: தேர்வு யார் கையில்?

இந்தப் பேச்சை எடுத்தாலே ஐந்து நிமிடத்தில் மதிப்பெண்ணில் போய் நிற்கும். எந்தப் பள்ளியில் தேர்ச்சி அதிகம், எங்கே ஆங்கிலம் நன்றாக வரும் என்று. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்றை யாரும் கேட்பதில்லை: இங்கே யார் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? தமிழில் ‘தேர்வு’ என்ற சொல்லுக்குத் தெரிவு என்றும் பொருள், பரீட்சை என்றும் பொருள். பெற்றோர் முதல் பொருளை நம்பிப் போகிறார்கள், தனியார் பள்ளி வாசலில் இரண்டாவது பொருள் உட்கார்ந்திருக்கிறது.

உரிமை என்ற அளவில் இது பழைய கதை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்குத்தான் வர வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது, 1925-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. 1948-இல் வந்த ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தின் 26-ஆவது பிரிவு, தொடக்கக் கல்வி இலவசம் என்கிறது, எந்த வகைக் கல்வி என்று தீர்மானிக்கும் முன்னுரிமை பெற்றோருக்கே என்றும் அதே மூச்சில் சொல்கிறது. சரி, உரிமை இருக்கிறது. காசு யார் கொடுப்பது? அதில்தான் சண்டையே.

முதலில் வாசலைப் பார்ப்போம். அரசுப் பள்ளி தன் எல்லைக்குள் இருக்கும் பிள்ளையை வேண்டாம் என்று சொல்ல முடியாது. மெதுவாகப் படிக்கும் பிள்ளை, ஆண்டு நடுவில் ஊர் மாறி வந்த பிள்ளை, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை, எல்லோருக்கும் அங்கே இடம் கொடுத்தாக வேண்டும். தனியார் பள்ளிக்கு அந்தக் கட்டாயம் பெரும்பாலும் இல்லை. ‘இடம் இல்லை’ என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடலாம். அதற்காக அரசுப் பள்ளியின் வாசல் முழுக்கத் திறந்திருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். வசிக்கும் பகுதியை வைத்துச் சேர்க்கும் இடங்களில், நல்ல அரசுப் பள்ளி இருக்கிற தெருவில் வாடகை ஏறிவிடும். அங்கேயும் ஒரு கட்டணம் இருக்கத்தான் செய்கிறது, அது பள்ளிக்குப் போகாமல் வீட்டுக்காரருக்குப் போகிறது, அவ்வளவுதான்.

இப்போது மதிப்பெண். தனியார் பள்ளிப் பிள்ளைகள் சராசரியில் முன்னே நிற்பது பல நாடுகளில் உண்மை. ஆனால் பல நாடுகளில் 15 வயதுப் பிள்ளைகளைச் சோதிக்கும் பிசா (PISA) என்ற பன்னாட்டுத் தேர்வின் முடிவுகளில் குடும்ப வசதியைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அந்த முன்னிலை பெரும்பாலான நாடுகளில் கரைந்துபோகிறது. வீட்டில் இருக்கும் புத்தகங்களையும் படித்த அம்மா அப்பாவையும் பள்ளியின் கணக்கில் வரவு வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதைச் சரியாக அளக்க நல்ல வழி குலுக்கல்: யார் தனியார் பள்ளிக்குப் போவது என்பதைக் குலுக்கலில் விட்டால், இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் குடும்பங்கள்தான் இருக்கும். ஆந்திரத்தில் 180 கிராமங்களில் பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் அதைத்தான் செய்தார்கள். தனியார் பள்ளிக்குப் போக உதவித்தொகையைக் குலுக்கலில் கொடுத்து, நான்கு ஆண்டு கழித்துப் பார்த்தால் தெலுங்கிலும் கணக்கிலும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். இந்தியில் தனியார் பிள்ளைகள் தெளிவாக முன்னே. இதைப் படித்துவிட்டு அரசுப் பள்ளி ஆதரவாளர்கள் கை தட்டுவதற்குள் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: அந்தத் தனியார் பள்ளிகள் ஒரு பிள்ளைக்குச் செய்த செலவு அரசுப் பள்ளியின் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, தெலுங்குக்கும் கணக்குக்கும் ஒதுக்கிய நேரமும் குறைவு. ஆக, குறைந்த செலவில் அதே அளவு. இது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்தச் சிக்கனத்தின் பெரும்பகுதி ஆசிரியரின் சம்பளத்திலிருந்து வருகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

எதிர்த் திசையில் அமெரிக்காவின் லூசியானா மாநிலம். அங்கேயும் குலுக்கல்தான், ஆனால் அரசு உதவித்தொகையோடு தனியார் பள்ளிக்குப் போன பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண் முதல் ஆண்டிலேயே நன்றாகச் சரிந்தது. திட்டத்தில் சேர முன்வந்தவை பெரும்பாலும் ஏற்கெனவே மாணவர்களை இழந்துகொண்டிருந்த பள்ளிகள் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். நல்ல பள்ளி ஏன் கூட்டம் தேட வேண்டும்?

அப்புறம் மூன்றாவது வழி ஒன்று உண்டு: அரசு பணத்தைப் பள்ளிக்குக் கொடுக்காமல் பிள்ளையோடு அனுப்புவது. 1955-இல் அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன் எழுதிய யோசனை. சிலி 1981-இல் இறங்கியது. கேட்க அழகாக இருந்தது, ஆனால் பள்ளிகள் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கலாம், 1993-க்குப் பிறகு மேற்கொண்டு கட்டணமும் வாங்கலாம் என்று ஆனதும், வசதிப்படி பிள்ளைகள் தட்டுத் தட்டாகப் பிரிந்தார்கள். 2006-இல் பள்ளி மாணவர்களே தெருவுக்கு வந்தார்கள். கடைசியில் 2015-இல் சட்டம் போட்டு, அரசுப் பணம் வாங்கும் பள்ளிகள் பொறுக்கி எடுப்பதையும், மேல்கட்டணத்தையும், லாபத்தையும் தடுக்க வேண்டி வந்தது. சுவீடன் 1992-இல் லாப நோக்கமுள்ள நிறுவனங்களையும் உள்ளே விட்டது. 2013-இல் அப்படி ஒரு பெரிய நிறுவனம் மூழ்கியபோது ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வேறு கைக்கோ வேறு பள்ளிக்கோ மாற வேண்டியிருந்தது. கடை மூடினால் வேறு கடைக்குப் போகலாம், பத்தாம் வகுப்பு நடுவில் பள்ளி மூடினால்?

எனக்குப் பிடித்தது நெதர்லாந்து. 1917 முதல் அரசுப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் சமமான அரசுப் பணம், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பிள்ளைகள் தனியார் நிர்வாகப் பள்ளிகளில். ஆனால் கட்டாயக் கட்டணம் வாங்க முடியாது, ஒரே அரசுக் கல்வி ஆய்வுத் துறை இரண்டு பக்கமும் வந்து பார்க்கும். பெற்றோரின் விருப்பத்துக்கு இடமும் உண்டு, பணப்பையின் கனத்தைப் பார்க்கும் வாசலும் இல்லை. (அங்கே 12 வயதிலேயே பிள்ளைகளைப் படிப்பு வகைப்படி பிரித்துவிடுகிறார்கள், அது எனக்கு உவப்பில்லை, ஆனால் அது வேறு வழக்கு.)

தனியார் பள்ளியின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆசிரியர் வராவிட்டால் கேட்கலாம், கேட்டால் நடக்கும். பிள்ளையை யாராவது தொடர்ந்து சீண்டி, பள்ளி கண்டுகொள்ளாவிட்டால் அடுத்த மாதமே வெளியே வரலாம். இந்தக் கதவு இல்லாத பெற்றோர் படும் அவதியைப் பார்த்தவர்கள் இதை லேசாகப் பேச மாட்டார்கள். ஆனால் பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் ஒரு சிக்கலைக் காட்டினார்: தரம் குறையும்போது முதலில் வெளியேறுபவர்கள், உள்ளேயே இருந்திருந்தால் அதிகம் சத்தம் போட்டிருக்கக்கூடியவர்கள். அவர்கள் போன பிறகு அரசுப் பள்ளியில் மிச்சமிருப்பவர்களுக்கு மனுவை யாரிடம் கொடுப்பது என்றே தெரியாது. ஒரு குடும்பத்தின் சரியான முடிவு, ஒரு பள்ளியின் இழப்பு. இதற்கு நான் அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன், பிள்ளையைக் கொள்கைக்குப் பலி கொடுக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

என்னைக் கேட்டால், கட்டணத்தைக் கட்டும் வருமானம் பள்ளி முடியும்வரை உறுதியில்லை என்றால், சுமாரான தனியார் பள்ளியைவிட ஓரளவு நடக்கிற அரசுப் பள்ளியே மேல். பாதியில் இடம் மாறுவது பிள்ளைக்குக் கனமான அடி. வசதி இருக்கிறது, தனியார்தான் என்று முடிவு செய்தவர்கள் கட்டடத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரே வகுப்பாசிரியர் எத்தனை ஆண்டாக இருக்கிறார் என்று பாருங்கள். நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பலகை வைத்திருந்தால், பரீட்சைக்கு முந்தைய ஆண்டில் எத்தனை பிள்ளைகள் வெளியே போனார்கள் என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல இழுக்கிற பள்ளியின் பலகையை நான் நம்புவதில்லை.